கேமிங் பிசி: கொழும்பில் பூட்டி (அசெம்பிள் செய்து) வைத்ததை எடுப்பதா, சாமான் வாங்கி நானே பூட்டுவதா?

கொக்குவில்_கமரா

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு கிழமையாக இதே யோசனைதான், ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

நான் கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோ எடுத்து எடிட் செய்து கொடுக்கிறவன். இவ்வளவு நாளும் ஒரு லப்டொப்பில்தான் வேலை. சித்திரை வெயிலில் அது கொதிக்கத் தொடங்கினால் ரெண்டர் அரைவாசியில் நிற்கும், பிறகு திரும்ப முதலில் இருந்து. இரவில் பெடியளோடு வலோரண்ட் விளையாடுவேன், அதுவும் இப்போது இழுபடுகிறது. ஒரு வருடமாக மிச்சம் பிடித்து மூன்று லட்சம் சேர்த்திருக்கிறேன். மொனிட்டர், கீபோர்ட் எல்லாம் இருக்கிறது, இது பெட்டிக்கு மட்டும்.

கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு ஒருக்கால் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு கடையில் பூட்டி வைத்திருக்கிற ஒரு பெட்டி என் காசுக்குச் சரியாக வருகிறது: ஐ5-12400எஃப் சிபியு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்ட், 16 ஜிபி ரேம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 600 வாட் பவர் சப்ளை, கண்ணாடிக் கேசிங், உள்ளே லைட். விண்டோஸ் போட்டு பார்சலில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி விடுவார்களாம். மற்ற வழி, இங்கே ஸ்ரான்லி வீதி, கஸ்தூரியார் வீதிப் பக்கம் கடைகளில் சாமானைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டுவது. லப்டொப்புக்கு ரேம், எஸ்எஸ்டி மாற்றியிருக்கிறேன், டெஸ்க்டொப் ஒன்றை இதுவரை திறந்ததே இல்லை. மூன்றாவது, ரொறன்ரோவில் இருக்கிற மாமா அங்கே ஒரு பெயர் பெற்ற கொம்பனியின் கேமிங் பிசி மலிவில் போகிறது, வாங்கிக் கப்பலில் போட்டு விடுகிறேன் என்கிறார்.

நானே பூட்டினால் உண்மையில் காசு மிஞ்சுமா? பழுதானால் யாரிடம் போவது? வீட்டில் கரண்ட் அடிக்கடி போய் வரும், யூபிஎஸ் இல்லை. வீடு அம்மப்பாவின் காலத்துக் கல்வீடு, வயரிங்கும் அந்தக் காலத்துதான். இதையும் சொல்ல வேண்டும் போல இருந்தது.


சுன்னாகத்தான்

தம்பி, முதலில் என்னுடைய கதையைச் சொல்கிறேன், உங்கள் மாமாவின் யோசனைக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

2021 இல் வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றின் கேமிங் பிசி எடுத்தேன். பெட்டியோடு வந்தது, திறந்து பிளக்கைக் குத்தி ஓட்டியதுதான், ஒரு குறையும் இல்லை. ஒன்றரை வருடம் கூடப் போகவில்லை. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டின காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். ஒரு நாள் பின்னேரம் கரண்ட் வந்தது, கொம்பியூட்டர் வரவில்லை. பவர் சப்ளைதான் போயிருக்க வேண்டும் என்று எனக்கே விளங்கியது, சரி, ஒன்று வாங்கிப் போடலாம் என்று பக்கத்து மூடியைக் கழற்றினால், உள்ளே இருந்தது கடையில் விற்கிற அளவு பவர் சப்ளையே இல்லை. ஒடுங்கலாக, நீளமாக, அந்தக் கொம்பனிக்கென்றே செய்தது. மதர்போர்டுக்குப் போகிற வயரும் வழமையான 24 பின் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஏறாத கடை இல்லை, ஒருவரிடமும் அது இல்லை.

வாரண்டி இருந்தது. ஆனால் முழுப் பெட்டியையும் கொழும்புக்குக் கொண்டு வரச் சொன்னார்கள். இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன், வைத்துவிட்டு வந்தேன், பிறகு ஏழு கிழமை போன் மட்டும்தான். அந்த நேரம் டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்கு ஏறின நேரம், சாமான் இறக்குமதியே நின்று போயிருந்தது, கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. கடைசியில் திரும்ப எடுத்துக்கொண்டு வந்து, உள்ளே இருந்த சிபியு, ரேம், எஸ்எஸ்டி மூன்றையும் கழற்றி எடுத்து, புதிதாக மதர்போர்ட், பவர் சப்ளை, கேசிங் வாங்கிப் பூட்டினேன். அந்த மூன்று சாமானும் இன்றைக்கும் ஓடுகின்றன. மிச்சம் ஸ்டோர் ரூமில் கிடக்கிறது, யாருக்கும் உதவாது.

எனவே எதை எடுத்தாலும் ஒன்றைக் கேட்டு எடுங்கள்: மதர்போர்ட் ஏடிஎக்ஸ் அல்லது மைக்ரோ ஏடிஎக்ஸ் என்கிற வழமையான அளவா, பவர் சப்ளை ஏடிஎக்ஸா. இரண்டும் ஓம் என்றால் எது போனாலும் யாழ்ப்பாணத்திலேயே மாற்றலாம். கொழும்பு 400 கிலோமீற்றர். ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போய் வந்த எனக்கு, ஐயாயிரம் பத்தாயிரம் மிஞ்சுவதும் மிஞ்சாததும் இப்போது ஒரு பொருட்டே இல்லை.


திருத்துற_அக்கா

கொக்குவில் தம்பி, சுன்னாகத்து அண்ணா சொன்னது முழுக்கச் சரி, ஆனால் அது உங்கள் மாமா சொல்கிற பெட்டிக்குத்தான் பொருந்தும். கொழும்புக் கடைப் பெட்டி வேறு சாதி. அது கடைக்காரர் சந்தையில் இருக்கிற சாதாரண சாமானை எடுத்துப் பூட்டுவது. அளவுப் பிரச்சினை வராது. அதில் வருகிற பிரச்சினை வேறு, அதைத்தான் நான் பதினொரு வருடமாக என் மேசையில் பார்க்கிறேன்.

நீங்கள் எழுதிய பட்டியலைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். சிபியுவுக்குப் பெயர் இருக்கிறது, கிராபிக்ஸ் கார்டுக்குப் பெயர் இருக்கிறது. பவர் சப்ளை? “600 வாட்”. எந்தக் கொம்பனி, எந்த மொடல்? ரேம் “16 ஜிபி”, ஒரு கட்டையா இரண்டு கட்டையா? மதர்போர்டை நீங்கள் எழுதவே இல்லை, அவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாங்குகிறவர் பார்ப்பது சிபியுவையும் கார்டையும், அதனால் அந்த இரண்டையும் நல்லதாகப் போட்டுவிட்டு மற்றதில் காசை மிச்சம் பிடிப்பார்கள். எல்லாக் கடையும் அப்படி இல்லை, ஆனால் பெயர் எழுதாத இடத்தில் பெரும்பாலும் மலிவானதுதான் இருக்கும்.

ரேம் ஒற்றைக் கட்டையாக இருந்தால் ஒரு வழியில்தான் தரவு போய் வரும், இரண்டு எட்டு ஜிபி போட்டால் இரண்டு வழி. வலோரண்ட் மாதிரி சிபியுவை நம்பி ஓடுகிற விளையாட்டில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 3200 என்று எழுதியிருக்கிற ரேம் பலவும் பயோஸில் எக்ஸ்எம்பி என்கிற வேக அமைப்பைப் போட்டுவிடும் வரை 2133 இலோ 2666 இலோதான் ஓடும், பூட்டின பெட்டிகளில் அதைப் போடாமலே அனுப்பியதை நான் எத்தனையோ தரம் திருத்திக் கொடுத்திருக்கிறேன், ஒரு நிமிட வேலை.

பவர் சப்ளையில் “80 பிளஸ்” என்று ஸ்டிக்கர் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எவ்வளவு கரண்டை வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான அளவு மட்டும்தான். வோல்ட் கூடினால், உள்ளே ஷோர்ட் ஆனால், தன்னை நிறுத்திக்கொள்ளுமா என்பதை அந்த ஸ்டிக்கர் சொல்லாது. உங்கள் சாமானுக்கு 600 வாட் தேவையே இல்லை: 4060 கார்ட் 115 வாட், 12400 உச்சத்தில் 117 வாட், மற்றதெல்லாம் சேர்த்தாலும் நல்ல கொம்பனியின் 550 வாட் ஒன்று தாராளமாகக் காணும். பெயர் இல்லாத 600ஐ விட பெயர் உள்ள 550 எவ்வளவோ மேல். நம்முடைய ஊர்க் கரண்டுக்கு முதலில் காசு போட வேண்டிய சாமான் இதுதான், லைட் எரிகிற ஃபேன் இல்லை.

அடுத்தது உங்கள் தொழிலுக்கு முக்கியமானது. 12400எஃப் என்பதில் அந்த “எஃப்” எழுத்துக்கு அர்த்தம், உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்பது. விளையாட்டுக்கு அது பரவாயில்லை, அதனால்தான் கேமிங் பெட்டிகளில் எல்லோரும் எஃப் போடுகிறார்கள். நீங்கள் கமராவில் 10 பிட் 4:2:2 இல் (நிற விவரம் கூடின பதிவு), ஹெச்இவிசி ஆக (வீடியோவைச் சுருக்குகிற ஒரு முறை) எடுக்கிறீர்களா? அப்படியென்றால் அந்தச் சுருக்கின கோப்பை 4060 தன் ஹார்ட்வெயாரில் பிரிக்காது. இன்டெல் சிபியுவுக்குள் இருக்கிற கிராபிக்ஸில் குயிக் சிங்க் என்று ஒரு பகுதி இருக்கிறது, அது பிரிக்கும். எஃப் இல்லாத 12400 எடுத்தால் டைம்லைன் ஓடுகிற விதமே வேறு. இல்லாவிட்டால் கார்டை ஆர்டிஎக்ஸ் 5060 ஆக எடுங்கள், 50 வரிசையில் என்விடியா 4:2:2 ஐ சேர்த்திருக்கிறது. பூட்டி வைத்த பெட்டியில் இப்படி ஒரு எழுத்தை மாற்றித் தரச் சொன்னால் பலர் மாட்டார்கள். நானே பூட்டுவது என்பதில் எனக்குப் பிடித்தது இதுதான், உங்கள் வேலைக்கு ஏற்ற மாதிரி சாமானைத் தேர்ந்து எடுக்கலாம்.

காசு மிஞ்சுமா என்று கேட்டீர்கள். முன்பு மிஞ்சும். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். 2025 கடைசியில் இருந்து ரேம் விலை ஏறின ஏற்றம் எல்லோருக்கும் தெரியும், ஏஐ டேட்டா சென்டர்களுக்கே தொழிற்சாலைகள் மெமரியைக் கொடுக்கின்றன, டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு வகை ரேமும் ஏறிவிட்டன. பழைய விலையில் வாங்கின ரேமைப் போட்டு முன்பே பூட்டி வைத்த பெட்டி ஒன்று கிடைத்தால், அது தனித்தனியாக வாங்குவதை விட மலிவாகவே இருக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் விலை கேட்டு எழுதிப் பாருங்கள்.


நல்லூர்_வடக்கு

இவ்வளவு மினக்கெட வேண்டுமா? ஒஃபிஸ்களில் கழித்த பழைய டெஸ்க்டொப் மலிவாக விற்கிறார்கள். ஒன்றை எடுத்து ஒரு கார்டைக் குத்தினால் முடிந்தது. நான் அப்படித்தான் ஒரு நாலாம் தலைமுறை ஐ5 இல் விளையாடுகிறேன்.


திருத்துற_அக்கா

நல்லூர் தம்பி, விளையாட மட்டும் என்றால் உங்களுக்கு அது போதும், ஆனால் இவர் அதில் உழைக்கப் போகிறார். விண்டோஸ் 10 இன் ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. 11 க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேண்டும். 11 இல் வலோரண்டும் டிபிஎம், செக்யூர் பூட் இரண்டும் இல்லாமல் திறக்காது. ஒஃபிஸ் பெட்டிகளின் பவர் சப்ளை பலதில் கிராபிக்ஸ் கார்டுக்கான வயரே இருக்காது, சுன்னாகத்து அண்ணாவின் கதைதான் திரும்ப.


வடமராட்சி_காற்று

நான் பருத்தித்துறை, கடல் பக்கம். மூன்று வருடத்துக்கு முதல் நானே பூட்டினேன், அதற்கு முதல் ஸ்குரூ டிரைவர் பிடித்துப் பெரிய பழக்கம் இல்லை. இரண்டு பின்னேரம் எடுத்தது. கொக்குவில் தம்பி, லப்டொப் ரேம் மாற்றத் தெரிந்தவருக்கு இது பெரிய வேலை இல்லை, ஆனால் எங்கே பயம் வரும், எங்கே பிழை வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நல்லது, அதனால் எழுதுகிறேன்.

இன்டெல் என்றால் பின்கள் சிபியுவில் இல்லை, மதர்போர்டின் சொக்கட்டில் இருக்கின்றன. மயிர் மாதிரி மெல்லியவை. விரல் பட்டு ஒன்று வளைந்தாலும் வாரண்டி கிடையாது. சிபியுவை அதில் வைத்து, கையை எடுத்துவிட வேண்டும், அழுத்தக் கூடாது. பிறகு பக்கத்தில் இருக்கிற கம்பியைக் கீழே இறக்கும்போது நிறையப் பலம் கேட்கும், கிறீச் என்று ஒரு சத்தம் வரும், எனக்கு அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. அது வழமையான சத்தம்தான், தொடர்ந்து இறக்குங்கள். மேலே இருக்கிற கறுப்புப் பிளாஸ்டிக் மூடி தானாகக் கழன்று வரும். அதை எறியாதீர்கள், பின்னாளில் மதர்போர்டை வாரண்டிக்குக் கொடுக்க வேண்டி வந்தால் அந்த மூடியோடு கொடுக்கச் சொல்வார்கள்.

இன்டெல் பெட்டியோடு வருகிற கூலரில் பேஸ்ட் பூசியே இருக்கும், மேலதிகமாகப் பூச வேண்டாம். நாலு கால். குறுக்கும் மறுக்குமாக இரண்டிரண்டாக அழுத்துங்கள், ஒவ்வொன்றும் டிக் என்று விழ வேண்டும், பிறகு போர்டைத் திருப்பிப் பின்பக்கம் நாலு காலும் வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை, ஒரு கால் ஏறாமலே நின்றிருக்கிறது, விளையாடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் சூடு 100 பாகைக்குப் போனது. அதனால்தான் இதை இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

முதல் தரம் ஓன் பண்ணும்போது படம் வராவிட்டால் பதறாதீர்கள். எனக்கும் வரவில்லை. மதர்போர்டின் மேல் மூலையில் சிபியுவுக்கென்று எட்டுப் பின் வயர் ஒன்று தனியாகப் போக வேண்டும், அதை மறந்திருந்தேன். கார்டுக்குப் போகிற எட்டுப் பின்னும் பார்க்க அதே மாதிரித்தான் இருக்கும், ஆனால் வேறு, வயரின் தலையிலேயே எழுதியிருக்கும், வாசித்துப் போடுங்கள், பலவந்தமாக ஏற்ற வேண்டாம். அதுவும் சரியென்றால், மொனிட்டர் வயரை மதர்போர்டில் குத்தாமல் கிராபிக்ஸ் கார்டில் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, நம்முடைய ஊருக்கானது. என்னுடைய பெட்டியின் பின்பக்கத்து ஸ்குரூக்கள் ஒரு வருடத்தில் துருப்பிடித்துவிட்டன, உப்புக் காற்று. கொக்குவிலில் உப்பு அவ்வளவு இல்லை, ஆனால் செம்மண் தூசி இருக்கும். யன்னலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், நிலத்தில் வைக்காதீர்கள், முன்பக்கம் வலை போட்ட கேசிங் எடுங்கள், அந்த வலையை மாதம் ஒருக்கால் கழற்றிக் கழுவலாம். முன்பக்கமும் கண்ணாடியால் மூடின கேசிங் எங்கள் வெயிலுக்குச் சரிவராது, அறையே 33 பாகையில் இருக்கும்போது உள்ளே காற்றுப் போக வழி வேண்டும். பின்பக்கத்தில் கார்ட் போடாத ஓட்டைகளைத் தகடு போட்டு மூடுங்கள். எங்கள் வீட்டில் அந்த வழியாகத்தான் பல்லி போனது.


கொக்குவில்_கமரா

எல்லோருக்கும் நன்றி, நான் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. அக்கா, ஓம், கமராவில் 10 பிட் 4:2:2 ஹெச்இவிசிதான். லப்டொப்பில் ஏன் டைம்லைன் அப்படி இழுபடுகிறது என்று இப்போதுதான் விளங்குகிறது.

ஒரு விஷயம், அதைச் சாதாரணம் என்று நினைத்துச் சொல்லாமல் விட்டேன். இப்போது லப்டொப்பை சார்ஜில் போட்டிருக்கும்போது அதில் கேபிளால் குத்தியிருக்கிற மொனிட்டரின் பின் தகட்டில் கை பட்டால் மெல்ல விறுவிறுக்கும். வெறும் காலோடு நின்றால் இன்னும் கூடுதலாக. டெஸ்க்டொப் வந்தால் இது கூடுமா? மாமாவுக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை, அவர் ஆசையாகக் கேட்கிறார்.


திருத்துற_அக்கா

தம்பி, பிசியைக் கொஞ்சம் விடுங்கள், இது முதல். உங்கள் அந்தப் பிளக்கில் எர்த் இல்லை. கொம்பியூட்டரின் பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்டுகிறதற்காக லைனில் இருந்தும் நியூட்ரலில் இருந்தும் தகட்டுக்கு இரண்டு சின்னக் கெபாசிட்டர் போகும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் தகட்டில் ஏறத்தாழ அரைவாசி வோல்ட், 230 இல் 115, நிற்கும். கரண்ட் மிகவும் சின்னது, அதனால்தான் விறுவிறுப்போடு போகிறது. ஆனால் உள்ளே ஏதாவது உண்மையாகப் பழுதாகி லைன் தகட்டில் பட்டால் அதைத் தடுக்க உங்கள் வீட்டில் ஒன்றுமே இல்லை. டெஸ்க்டொப் என்றால் முழுக்க இரும்புத் தகடு, இந்த விறுவிறுப்பு கூடத்தான் தெரியும். பெட்டி வாங்குவதற்கு முதல் வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் பாருங்கள். பழைய வட்டப் பின் பிளக்கில் இருந்து மல்ட்டி பிளக் இழுத்து ஓட்ட வேண்டாம், சதுரப் பின் 13 அம்பியர் பிளக் ஒன்று தனியாகப் போடச் சொல்லுங்கள். சர்ஜ் புரொடெக்டர் என்று விற்கிற பெட்டியும் எர்த் இல்லாமல் பாதி வேலைதான் செய்யும்.

யூபிஎஸ் வாங்கும்போது விஏ என்று எழுதியிருப்பதை வாட் என்று நினைக்காதீர்கள். 650 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360, 390 வாட்தான் தரும். கார்டும் சிபியுவும் சேர்ந்து இழுக்கிற நேரத்தில், மொனிட்டரையும் அதில் குத்தினால், அது மூச்சுத் திணறும். 1000 விஏ எடுங்கள். மலிவான யூபிஎஸ்கள் பற்றரியில் ஓடும்போது சதுரமான அலைதான் தரும், நல்ல பவர் சப்ளைகளில் சில அதை ஏற்காமல் அணைந்துவிடும், அதனால் முடிந்தால் ப்யூர் சைன் என்று எழுதியதைப் பாருங்கள். கரண்ட் போனால் ஐந்து பத்து நிமிடத்துக்குள் கோப்பைச் சேமித்து அணைப்பதற்குத்தான் அது, ரெண்டரை முடிப்பதற்கு இல்லை.

ஐப்பசி, கார்த்திகை இடியில் பிளக்கைக் கழற்றுங்கள், லான் கேபிளையும் சேர்த்து. ஃபைபர்தானே என்று விட வேண்டாம், ரவுட்டரின் அடாப்டர் கரண்டில்தான் இருக்கிறது, அந்த வழியாக வந்து மதர்போர்டின் லான் போர்ட் எரிந்த பெட்டி ஒவ்வொரு மழைக்காலமும் எனக்கு வருகிறது.


ஸ்காபரோ_மாமா

மருமகன், நான் உங்கள் மாமா இல்லை, ஆனால் நானும் ஒரு மாமாதான், இதே வேலையைச் செய்து பார்த்தவன், அதனால் எழுதுகிறேன். எங்கள் தமக்கையின் மகனுக்கு இங்கிருந்து முழுப் பெட்டியை அனுப்பினேன். கப்பலில் போய்ச் சேரவே மாதக் கணக்கு. போன பிறகு பார்த்தால் கிராபிக்ஸ் கார்ட் தன் பாரத்தில் ஆடி ஆடி மதர்போர்டின் ஸ்லொட்டை உடைத்திருந்தது. வாரண்டி இந்த நாட்டுக்குள் மட்டும்தான், திரும்ப அனுப்புகிற கூலி சாமானின் விலைக்கு வந்துவிடும். இங்கே கரண்ட் 120 வோல்ட். இப்போது வருகிற பவர் சப்ளைகள் அநேகமாக 100 முதல் 240 வரை தானாகவே ஏற்கும், ஆனால் பின்பக்கம் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் வைத்த மலிவானவையும் இருக்கின்றன, அதை மாற்றாமல் அங்கே குத்தினால் அந்த நிமிடமே போய்விடும்.

உங்கள் மாமாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: பெட்டி வேண்டாம், யாராவது ஊருக்கு வரும்போது ஒரு எஸ்எஸ்டியோ ஒரு சிபியுவோ கையில் கொடுத்துவிடுங்கள் என்று. கைக்குள் அடங்கும், உடையாது, இலகுவில் பழுதாகாத சாமான்கள் அவை. பவர் சப்ளை, மதர்போர்ட், கார்ட் மூன்றையும் ஊர்க் கடையில்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் அவைதான் பழுதாகும். அவர் மனம் நோகாது. நாங்கள் இங்கே இருந்து ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் கேட்கிறோம், எது உதவும் என்று நீங்கள் சொன்னால் எங்களுக்கும் ஆறுதல்.


சுன்னாகத்தான்

மாமா சொன்ன ஸ்லொட் உடைகிற கதை கொழும்பில் இருந்து ஏ9 வழியாக வருகிற பார்சலுக்கும் பொருந்தும். கொழும்பில் எடுப்பதென்றால் கார்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். பில்லில் ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும், “கேமிங் பிசி 1” என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். அப்படி எழுதினால்தான் ஒரு ரேம் போனாலும் முழுப் பெட்டியையும் கேட்பார்கள்.


கொக்குவில்_கமரா

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், பதில் எழுதிய எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

முதலில் எர்த். வயரிங் அண்ணா வந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு எர்த் கம்பியே இல்லை, எப்போதோ துருப்பிடித்து அறுந்துவிட்டது என்றார். கிணற்றடிப் பக்கம் ஈரமான இடமாகப் பார்த்து அடித்தார், நாலடிக்குக் கீழே சுண்ணாம்புக்கல் வந்துவிட்டது, இன்னொரு இடம் பார்த்து அடித்தார். ட்ரிப் சுவிட்சும் புதிதாகப் போட்டாயிற்று. அம்மா இப்போது ஃபிரிட்ஜைத் தொடும்போதும் விறுவிறுக்கவில்லை என்கிறா. இவ்வளவு வருடமும் அதுவும் இதனால்தான் என்று எங்களுக்குத் தெரியாது. அக்கா, இதற்குத் தனியாக நன்றி.

விலை இரண்டு இடத்திலும் கேட்டு எழுதினேன். 12400, எஃப் இல்லாதது, 4060, எட்டெட்டாக 16 ஜிபி, 1 டிபி எஸ்எஸ்டி, பெயர் உள்ள 550 வாட், வலை முகப்புக் கேசிங். இந்தச் சாமானை யாழ்ப்பாணத்தில் தனித்தனியாக வாங்க, கொழும்புப் பெட்டியை விட பதினாலாயிரம் கூட வந்தது. எஸ்எஸ்டி இரட்டிப்பு என்பதால் பெரிய வித்தியாசம் என்று எனக்குப் படவில்லை. 32 ஜிபி போட ஆசைதான், ரேம் விலையைப் பார்த்துவிட்டு விட்டேன், போர்டில் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. கொழும்புக் கடையில் பவர் சப்ளையின் மொடலைக் கேட்டேன், மூன்று தரம் கேட்டும் “நல்லது தம்பி, பயப்படாதீங்க” என்றுதான் வட்ஸ்அப்பில் பதில் வந்தது, பெயர் வரவில்லை. அதோடு முடிவு எடுத்துவிட்டேன். ஸ்ரான்லி வீதிக் கடையில் எல்லாவற்றையும் எடுத்தேன், பில்லில் ஒவ்வொரு சீரியலும் எழுதித் தந்தார்கள்.

சாப்பாட்டு மேசையில் வைத்துப் பூட்டினேன், அப்பா டோர்ச் பிடித்தார். அந்தக் கிறீச் சத்தத்துக்கு நான் தயாராக இருந்தேன், அப்பா தயாராக இருக்கவில்லை, “உடைச்சுப்போட்டியோ” என்று கேட்டுவிட்டார். கூலரின் நாலு காலையும் பின்னால் திருப்பிப் பார்த்தேன், ஒன்று ஏறியிருக்கவில்லை, பருத்தித்துறை அண்ணா சொல்லாவிட்டால் கவனித்தே இருக்க மாட்டேன். எக்ஸ்எம்பி போட்டாயிற்று. கறுப்பு மூடி பில்லோடு அலுமாரியில் இருக்கிறது.

மாமாவிடம் ஸ்காபரோ மாமா சொன்ன மாதிரியே சொன்னேன். அவர் எஸ்எஸ்டி எல்லாம் வேண்டாம், யூபிஎஸ்ஸை நான் வாங்கித் தருகிறேன் என்று காசு அனுப்பினார். ப்யூர் சைன், 1000 விஏ. நேற்று இரவு ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது, வீடு முழுக்க இருட்டு, இது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திச் சேமித்து அணைத்தேன், ஆறு நிமிடம் எடுத்தது.

ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது: விளையாடும்போது சிபியு 74, 75 பாகையில் நிற்கிறது, மத்தியானத்தில் 80. தகரக் கூரைக்குக் கீழே அறை. முன்னால் இன்னொரு ஃபேன் போடவா, இப்படியே விடவா?


திருத்துற_அக்கா

80 அதற்கு ஆபத்து இல்லை தம்பி, 100 வரை தாங்கும். ஆனால் நீங்கள் மத்தியானத்தில்தான் ரெண்டர் போடுவீர்கள் என்றால் முன்னால் ஒரு 120 மில்லிமீற்றர் ஃபேன் போடுங்கள், காற்று உள்ளே இழுக்கிற பக்கமாக. ஃபேனின் கம்பிகள் இருக்கிற பக்கத்தால்தான் காற்று வெளியே வரும், அதைப் பார்த்துத் திருப்புங்கள்.


கொக்குவில்_கமரா

சரி அக்கா, சனிக்கிழமை போடுகிறேன். வெள்ளி மானிப்பாயில் ஒரு சாமத்திய வீடு இருக்கிறது. இன்று இரவு ஒன்பதரைக்குப் பிறகு வலோரண்டுக்கு ஒரு ஆள் குறைகிறது, யாராவது வருவதென்றால் சொல்லுங்கள்.